ஒத்தையா, ரெட்டையா? கொள்ளைநோய்க் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மருந்துத் தேடல்

2021 ஆகஸ்ட் 26 அன்று மலேசியாவில் ஒரே நாளில் 24,599 பேருக்குக் கோவிட் தொற்று உறுதியானது. அதுவரை நாடு அப்படியொரு எண்ணைக் கண்டதில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கு பட்ட பாடு சொல்லி மாளாது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. செர்டாங்கின் கண்காட்சி மண்டபங்கள் ஆயிரக்கணக்கான கட்டில்களோடு தனிமைப்படுத்தும் மையமாக மாறின. கையில் காசு தீர்ந்த வீடுகளின் சன்னல்களில் வெள்ளைக் கொடி தொங்கியது. ஜூலை முதல் பாதியில் சிலாங்கூரின் பெரும்பகுதி கடுமையான நடமாட்டக் கட்டுப்பாட்டில் அடைந்து கிடந்தது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ஊர் அடங்கிக் கிடந்தாலும் தமிழ்க் குடும்பங்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்கள் அடங்கவில்லை. கபசுரக் குடிநீர் காய்ச்சும் பக்குவம், ஆவி பிடிக்கும் முறை, மலேரியாவுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், பூச்சி மருந்தாக அறியப்பட்ட ஐவர்மெக்டின் என்று ஒவ்வொரு நாளும் ஒரு மருந்து கைக்குக் கை மாறியது. மருந்துகள் வேறுவேறாக இருந்தாலும் அவற்றோடு ஒட்டி வந்த சான்று ஒன்றுதான்: கொடுத்தோம், தேறினார். மாமாவுக்குக் கொடுத்தோம், மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார்.

சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. மாமா மருந்து சாப்பிட்டதும் உண்மை, எழுந்து உட்கார்ந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நாம் போடும் முடிச்சில்தான் சிக்கல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குப் புதிதல்ல. காக்கை உட்காராத மரத்தில் எத்தனை பழம் விழுந்தது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் அரிது. மருத்துவத்தில் அந்த எண்ணிக்கையை எடுப்பதற்கு முறை ஒன்று உண்டு. அதன் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று இந்தக் கோலாலம்பூரிலேயே நடந்தது. நடுவில் இருந்ததோ நம்முடைய புழுங்கலரிசி.

காப்பகத்தில் ஒரு பந்தி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் உயிர் குடித்தது. கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களை அது வாரிக்கொண்டு போனது. தோட்டத்துத் தமிழர்களையோ தம் வயலில் விளைந்ததை வீட்டில் குத்திச் சமைத்த மலாய்க்காரர்களையோ அது அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய லெனார்ட் பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து, குற்றவாளி அரிசிதான் என்றார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, தவிடு போகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி.

கூர்மையான கவனிப்புதான். ஆனால் அது மட்டும் போதவில்லை. சீனத் தொழிலாளருக்கும் தமிழ்த் தொழிலாளருக்கும் அரிசி ஒன்றில்தானா வேறுபாடு? செய்த வேலை வேறு, குடியிருந்த இடம் வேறு, தண்ணீர் வேறு, கறி வேறு, பழக்கவழக்கம் வேறு. பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்று நம்பியவர்களும் அன்று பலர். ஒரு குடிசையில் கிருமி இருந்தது, இன்னொன்றில் இல்லை என்று அவர்கள் சொன்னால் மறுக்க வழியில்லை.

வழி செய்தவர் வில்லியம் ஃபிளெட்சர். கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் பெரிபெரி பரவியிருந்த நேரம். 1905 இறுதியில் அவர் அங்கிருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து இடப்பக்கத்திலிருந்து எண் சொல்ல வைத்தார். ஒற்றை எண்காரர்கள் முற்றத்தின் ஒரு பக்கத்து விடுதிக்குப் போனார்கள். அவர்களுக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டை எண்காரர்கள் எதிர்ப்பக்கத்து விடுதிக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் இரு பக்கமும் ஒன்றே. புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு நாம் சிறுவயதில் கேட்ட 'ஒத்தையா, ரெட்டையா?' என்ற கேள்விதான் அங்கே சோறு பிரித்தது. அடுத்த ஓராண்டில் பச்சரிசிப் பக்கத்தில் பலருக்குப் பெரிபெரி கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் நோய் இருந்தவர்கள் இருவரே. அவர்களும் காப்பகத்துக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள்.

1907இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கி நிற்கிறது என்பதோ, அந்தச் சத்தின் பெயர் தயமின் என்பதோ அன்று யாருக்கும் தெரியாது. தயமினைப் பிரித்தெடுத்தது 1926இல்தான். காரணம் விளங்குவதற்கு இருபதாண்டு முன்பே விளைவு உறுதிப்பட்டுவிட்டது. ஃபிளெட்சரின் பிரிவினை செய்த வேலை அது. வேலை, இடம், இனம், உடல்வாகு என்ற ஆயிரம் வேறுபாடுகளும் இரண்டு பக்கமும் சமமாகக் கலந்துவிட, மிஞ்சிய வேறுபாடு தட்டில் இருந்த சோறு மட்டும்.

இந்தக் கதையில் நெருடும் இடமும் உண்டு. அந்தக் காப்பகத்து மனிதர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று எந்த மருத்துவ அறநெறிக் குழுவும் அதை அனுமதிக்காது. அறிவியல் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடனை மறந்துவிட்டு முறையை மட்டும் புகழ்வது சரியாகாது.

முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒற்றை, இரட்டை என்று மாறிமாறி வந்தால் அடுத்தவர் எந்தப் பக்கம் போவார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். மருத்துவருக்கு ஒரு நோயாளி மேல் பரிவு என்றால் வரிசையில் ஓரிடம் தள்ளி நிறுத்திவிடலாம். நம் முன்னோருக்கு இந்தத் தந்திரம் தெரியாததல்ல. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலைக் குடத்திலிருந்து ஓலை எடுக்க, உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவனை அழைக்கச் சொல்கிறது. யாருடைய விருப்பமும் முடிவைத் தொடக்கூடாது என்பதே நோக்கம். 1948இல் பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை வெளியிட்டவர்கள் மருத்துவத்துக்குள் கொண்டுவந்ததும் அதே காப்பைத்தான். இன்று கணினி எடுக்கிறது ஓலையை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இன்னொன்று நடந்தது. ஜோசஃப் ஸ்மேடல் தலைமையில் வந்த அமெரிக்கக் குழு, புதர்க்காய்ச்சலுக்குக் குளோரம்ஃபெனிகால் கொடுத்துப் பார்த்தது. புதர்க்காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு இருந்தது உண்மையில் டைஃபாய்டு. அவர்களுக்கும் காய்ச்சல் இறங்கியது. வாரக்கணக்கில் ஆளை உருக்கும் டைஃபாய்டுக்கு முதல் நல்ல மருந்து அப்படித் தற்செயலாகக் கிடைத்தது. பத்துப் பேரிடம் பார்த்ததே உலகை நம்பவைக்கப் போதுமாயிருந்தது. விளைவு மலைபோல இருந்தால் பத்துப் பேர் போதும். விளைவு கடுகளவு என்றால்? கோவிட் கேட்ட கேள்வி அதுதான்.

நிபா: பதில் கிடைக்காமல் போன கேள்வி

பிரிக்பீல்ட்ஸிலிருந்து பங்சாரைத் தாண்டினால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம். நிபாவின் கதை அந்தப் பல்கலைக்கழகத்தைத் தொட்டு நிற்கிறது. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய ஒரு மூளைக்காய்ச்சல், சில மாதங்களில் நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளுக்கு இறங்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆட்கள் இறந்துகொண்டே இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிபா கிராமத்து நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். கிராமத்தின் பெயரே வைரஸின் பெயராயிற்று. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

மருந்து? எதுவும் இல்லை. வேறு பல வைரஸ்களுக்கு எதிராக வேலை செய்யும் ரிபாவிரினை வரவழைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் முடிவு வெளியானது. ரிபாவிரின் பெற்ற 140 பேரில் 45 பேர் இறந்தார்கள், அதாவது 32 விழுக்காடு. பெறாத 54 பேரில் 29 பேர், அதாவது 54 விழுக்காடு. மரணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாகத் தெரிகிறது அல்லவா?

அந்த 54 பேர் யார் என்று கேட்கும்போதுதான் தரை ஆடுகிறது. ரிபாவிரின் வந்து சேர்வதற்கு முன் மருத்துவமனைக்கு வந்தவர்களும், மருந்தை மறுத்தவர்களும்தான் அவர்கள். முன்னால் வந்தவர்கள், நோய் இன்னதென்றே தெரியாத நாட்களில் வந்தவர்கள். பின்னால் வந்தவர்களைப் பார்க்கும் நேரத்தில் மருத்துவர்களின் கை பழகியிருக்கும். செய்தி பரவியபின் லேசான நோயோடும் ஆட்கள் வந்திருக்கலாம். இறப்பு குறைந்ததற்கு மருந்து காரணமா, காலம் காரணமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. பிற்பாடு விலங்குகளிடம் செய்த சோதனைகளில் ரிபாவிரின் நிபாவிலிருந்து உயிரைக் காக்கவில்லை.

அன்றைய மருத்துவர்களைக் குறை சொல்வது எளிது, நியாயமல்ல. மூவரில் ஒருவருக்கு மேல் சாகும் நோய், கண் முன்னால் ஆட்கள், கையில் ஒரு மருந்து. பாதிப் பேருக்குத்தான் தருவேன் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்த இரக்கத்தின் விலையைப் பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள். 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா தலைகாட்டியபோது மருத்துவர்கள் கையில் எடுத்தது அதே ரிபாவிரினை. அது உதவுமா என்ற கேள்வியும் அப்படியே இருந்தது. இரு பத்தாண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பால், அதே கேள்வி.

சோதனைக் குழாயிலிருந்து சந்தைக்கு

2020 தொடக்கத்தில் கோவிட் வந்தபோது உலகம் முழுவதும் மருத்துவர்கள் நின்றது நிபா காலத்து இடத்தில்தான். புதிய மருந்து செய்ய ஆண்டுகள் பிடிக்கும். பழைய மருந்துகளைத் தூசி தட்டிப் பார்ப்பதே உடனடி வழி. மலேசிய மருத்துவமனைகளும் தொடக்கத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பயன்படுத்தின. இம்முறை கூடவே வேறொன்றும் நடந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 'சாலிடாரிட்டி' ஆய்வில் மலேசியாவும் சேர்ந்தது. 30 நாடுகள், 405 மருத்துவமனைகள், 11,330 நோயாளிகள். ஆண்டு முடிவதற்குள் பதில் வந்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்ற 947 பேரில் 104 பேர் இறந்தார்கள், பெறாத 906 பேரில் 84 பேர். ரெம்டெசிவிர் பெற்ற 2,743 பேரில் 301 பேர், பெறாத 2,708 பேரில் 303 பேர். நிபா வைரஸிடமிருந்து குரங்குகளைக் காத்ததாக 2019இல் நம்பிக்கை தந்த மருந்து ரெம்டெசிவிர் என்பதை நினைத்தால் அந்த எண்கள் இன்னும் கசக்கும்.

ஐவர்மெக்டினின் கதை தனி. ஆற்றுக் குருட்டு நோயிலிருந்தும் யானைக்கால் நோயிலிருந்தும் கோடிக்கணக்கான ஏழைகளைக் காக்கும் மருந்து அது. அதன் மூலப்பொருளைக் கண்டறிந்த சடோஷி ஒமுராவும் வில்லியம் கேம்பலும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2020 ஏப்ரலில் மெல்பர்ன் ஆய்வகம் ஒன்று, தட்டில் வளர்த்த செல்களில் இந்த மருந்து கொரோனா வைரஸை ஒடுக்குவதாக அறிவித்தது. செய்தி தீயாகப் பரவியது. தட்டில் ஊற்றிய செறிவு, வழக்கமான அளவு மாத்திரை விழுங்கினால் இரத்தத்தில் சேரும் செறிவைவிடப் பல பத்து மடங்கு கூடுதல் என்ற செய்தி அதன் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

அடுத்துச் சிறு ஆய்வுகள் வரிசைகட்டின. அவற்றுள் மிக வியப்பான பலனைக் காட்டிய எகிப்திய ஆய்வு ஒன்றில், பிறர் எழுத்தைத் திருடியதும் தரவுகளின் கோளாறும் வெளிப்பட்டு, அது 2021 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. மலேசியாவில் அதற்குள் குரல்கள் உயர்ந்திருந்தன. மனிதர் பயன்பாட்டுக்கு இங்கே பதிவு பெறாத மருந்து அது. இருந்தும் கேட்பவர் பெருகினர். உயிர் போய்க்கொண்டிருக்கும்போது ஆய்வு முடியட்டும் என்று காத்திருப்பது குற்றமல்லவா என்று மருத்துவர்களிலேயே சிலர் கேட்டார்கள். நிபா காலத்து இரக்கம்தான் இதுவும்.

சுகாதார அமைச்சின் ஆராய்ச்சி அமைப்புகள் செத்தியா ஆலாமில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கிள்ளானிலிருந்து கூப்பிடு தூரம். அங்கிருந்து இயங்கும் மருத்துவச் சோதனைகளுக்கான ஆய்வுக் கழகமும் அரசு மருத்துவமனைகளும் சேர்ந்து வேறு வழியில் போயின. மருந்தை விலக்கவும் இல்லை, வாரி வழங்கவும் இல்லை. குடவோலை எடுத்தார்கள்.

241 பேரும் 249 பேரும்

அந்த ஆய்வின் பெயர் ஐ-டெக். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் டாக்டர் ஸ்டீவன் லிம் முதன்மை ஆய்வாளர். சுங்கை பூலோவின் தொற்றுநோய் வல்லுநர் சுரேஷ் குமார் சிதம்பரமும் ஆய்வுக் கழகத்தின் கலையரசு பெரியசாமியும் கட்டுரையாசிரியர் பட்டியலில் இருக்கிறார்கள். 2021 மே 31 முதல் அக்டோபர் 25 வரை, அதாவது மிகக் கொடிய அலையின் நடுவிலேயே, 20 அரசு மருத்துவமனைகளிலும் ஒரு தனிமைப்படுத்தும் மையத்திலும் நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள்.

சுங்கை பூலோ என்றதும் பழைய தலைமுறைக்கு நினைவு வருவது 1930இல் அங்கே அமைந்த தொழுநோயாளர் குடியிருப்பு. டாப்சோன் மருந்துக்குத் தொழுநோய்க் கிருமி பணிய மறுக்கிறது என்று 1964இல் உலகுக்கு முதன்முதலில் நிறுவப்பட்டதும் அங்கிருந்த நோயாளிகளின் வழியாகத்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வதும் கண்டுபிடிப்புதான் என்பதை அந்த மண் ஏற்கெனவே அறியும்.

ஐ-டெக்கில் சேர்க்கப்பட்டவர்கள் 50 வயது கடந்தவர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ வேறு நாள்பட்ட நோயோ உள்ளவர்கள், அறிகுறி தொடங்கி ஏழு நாட்களுக்குள் வந்தவர்கள். மருந்து ஏதாவது செய்யும் என்றால் செய்ய வேண்டியது இவர்களுக்குத்தான். கொடுத்த அளவும் சிறிதல்ல. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், நாள்தோறும், ஐந்து நாள். குடற்புழுவுக்கு ஒருமுறை கொடுக்கும் 0.2 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் மொத்தத்தில் பத்து மடங்கு. ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்போடு இந்த மருந்து. மற்றதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும்.

அளக்க எடுத்துக்கொண்டதும் தெளிவானது. அந்த நாட்களில் சுகாதாரத் தலைமை இயக்குநரின் அன்றாட அறிக்கையைப் படித்த எல்லாருக்கும் நோயின் ஐந்து கட்டங்களும் அத்துப்படி. அறிகுறியில்லாதவர் முதல் கட்டம், அறிகுறி உள்ளவர் இரண்டு, நுரையீரலில் சளி கட்டினால் மூன்று, ஆக்சிஜன் தேவைப்பட்டால் நான்கு, உயிருக்குப் போராடினால் ஐந்து. இரண்டிலும் மூன்றிலும் இருப்பவர்களில் எத்தனை பேர் நான்கைத் தொடுகிறார்கள் என்பதே கேள்வி.

ஐவர்மெக்டின் பெற்ற 241 பேரில் 52 பேர் மோசமானார்கள், 21.6 விழுக்காடு. பெறாத 249 பேரில் 43 பேர், 17.3 விழுக்காடு. மருந்து பெற்றவர்கள் பக்கம் சற்றுக் கூடுதல், ஆனால் அது தற்செயலாகவும் வரக்கூடிய வேறுபாடு. வயிற்றுப்போக்கு மட்டும் மருந்துக் குழுவில் 14 பேருக்கு, மற்றதில் 4 பேருக்கு. 2021 நவம்பரில் அமைச்சு முடிவை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உள்மருத்துவ இதழ் அதை வெளியிட்டது.

இந்த எண்களில் பலர் கண்ணில் படாத ஒன்று உண்டு. 249லிருந்து 43ஐக் கழித்துப் பாருங்கள். ஐவர்மெக்டின் வாயில் படாத, வயதான, நோய்களோடு வாழ்கிற 206 பேர் மோசமாகவில்லை. நூற்றுக்கு 82க்கும் மேல். புலனக் குழுவின் மாமா இவர்களில் ஒருவராக இருந்து, அவருக்கு எந்தக் கஷாயத்தைக் கொடுத்திருந்தாலும், எந்த மாத்திரையைக் கொடுத்திருந்தாலும், எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிகழ்தகவோடு மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ எழுந்து உட்கார்ந்திருப்பார். தனி மருத்துவமனையில் நூறு பேருக்கு ஒரு மருந்து கொடுத்த மருத்துவர் எண்பது பேர் தேறியதைத் தன் கண்ணால் கண்டிருப்பார். அவருடைய அனுபவம் மெய். அதிலிருந்து அவர் எட்டிய முடிவு பொய். எண்பது என்ற எண்ணுக்கு மருந்தில்லாமலே என்ன நடக்கும் என்ற மறுபக்கம் அவரிடம் இல்லை.

இதற்குச் சற்று முன்பே, 2021 பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையில், மலேசிய அரசு மருத்துவமனைகள் ஃபாவிபிராவிரையும் இதே வகையில் சோதித்திருந்தன. ஜப்பானில் ஃபுளூவுக்காக உருவான மருந்து அது. 250 பேர் வீதம் இரு குழுக்கள். மருந்து பெற்றவர்களில் 46 பேருக்கு ஆக்சிஜன் அளவு இறங்கியது, பெறாதவர்களில் 37 பேருக்கு. மீண்டும் 'இல்லை' என்ற பதில்.

மூன்றும் பத்தும்

ஐ-டெக் முடிவுகளில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களை ஒதுக்கித் தள்ள முடியாது, ஏனெனில் அந்த வரி உண்மையிலேயே கண்ணை இழுப்பது. 28 நாட்களுக்குள் மருத்துவமனையில் இறந்தவர்கள்: ஐவர்மெக்டின் குழுவில் 3 பேர், மற்றதில் 10 பேர். ஆக்சிஜனை விடு, உயிரல்லவா முக்கியம் என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும். பதின்மூன்று மரணங்களைச் சீட்டுப்போல் இரண்டு குவியலாகப் பிரித்தால் ஆறும் ஏழுமாகத்தான் விழ வேண்டும் என்றில்லை. மருந்து எதுவுமே செய்யாவிட்டாலும் மூன்றுக்குப் பத்து என்றோ அதைவிட ஏற்றத்தாழ்வாகவோ விழும் வாய்ப்பு நூற்றில் ஏறக்குறைய ஒன்பது. ஆய்வு தொடங்கும் முன் அவர்கள் எழுதிவைத்த முதன்மைக் கேள்வி நோய் முற்றுவது பற்றியது. மரணம், தீவிர சிகிச்சை, செயற்கைச் சுவாசம் எல்லாம் துணைக் கேள்விகள். துணைக் கேள்வி பல கேட்டால் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பளிச்சிடும். பளிச்சிட்டதைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறப்பது, காக்கை உட்கார்ந்த மரத்தை மட்டும் எண்ணுவதற்குச் சமம். நோய் முற்றுவதைத் தடுக்காத மருந்து மரணத்தை மட்டும் எப்படித் தடுக்கும் என்ற கேள்வியும் நிற்கிறது.

ஆனால் வாதத்தால் இதை முடித்துவைக்க முடியாது. கூடுதல் ஆட்களிடம் கேட்டுப் பார்ப்பதே வழி. பிரேசிலில் 1,358 பேரிடம் நடந்த 'டுகெதர்' ஆய்வு 2022 மார்ச்சில் வெளிவந்தது. மருத்துவமனையில் சேர்வதோ அவசரப் பிரிவில் நீண்ட கண்காணிப்பில் இருப்பதோ மருந்துக் குழுவில் 14.7 விழுக்காடு, வெற்று மாத்திரைக் குழுவில் 16.3 விழுக்காடு. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவிலும் பெரிய ஆய்வு வந்தது. அங்கும் பலன் தென்படவில்லை.

ஐ-டெக்குக்கு அதற்கே உரிய குறை உண்டு. அதில் வெற்று மாத்திரை இல்லை. யார் எதை விழுங்குகிறார் என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். ஆக்சிஜன் அளவு விரல்முனைக் கருவியில் எண்ணாகத் தெரிகிற ஒன்று என்பதால் சேதம் குறைவு. இல்லாமலில்லை. பிரேசில் ஆய்வு அந்த ஓட்டையையும் அடைத்தது.

கிடைத்தவை

இத்தனை 'இல்லை'களுக்கு நடுவில் 'ஆம்' எதுவும் வரவில்லையா? வந்தது, இதே முறையில்தான். பிரிட்டனின் 'ரிகவரி' ஆய்வு டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டை 2,104 பேருக்குக் கொடுத்து, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டது. 28 நாளில் இறந்தவர்கள் 22.9 விழுக்காடு, மற்றதில் 25.7 விழுக்காடு. நூறு பேரில் மூன்று பேருக்கும் குறைவான வேறுபாடு. எந்த மருத்துவரும் தன் வார்டில் நின்று கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பிரித்துப் பார்த்தால் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் மரணம் 41.4லிருந்து 29.3 விழுக்காடாக இறங்கியிருந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, தீங்கு நேர்ந்திருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது.

ஏன் அப்படி? கோவிட்டில் முதல் வாரம் வைரஸின் வாரம். அது பெருகும் காலம். முற்றிய நோயாளிக்கு இரண்டாம் வாரம் உடலின் சொந்தத் தற்காப்புப் படையே வரம்பு மீறி நுரையீரலைச் சிதைக்கும் காலம். ஸ்டீராய்டு அந்தப் படையை அடக்குகிறது. முதல் வாரத்திலேயே அடக்கிவிட்டால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம். மருந்து எது என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்ததுதான் பதில். வைரஸை நேரடியாகத் தாக்கும் பேக்ஸ்லோவிட், 2022 ஏப்ரலில் மலேசிய மருத்துவமனைகளுக்கு வந்தது. தடுப்பூசி போடாத, ஆபத்து மிகுந்தவர்களிடம் செய்த முதல் ஆய்வில் தொடக்கத்திலேயே கொடுத்தபோது அது பெரும் பலன் காட்டியது. தடுப்பூசி போட்டவர்களைச் சேர்த்துப் பின்னர் நடந்த ஆய்வில் அந்தப் பலன் தெளிவாகத் தென்படவில்லை. ஒரே மருந்து, வேறு ஆட்கள், வேறு பதில்.

இந்தியாவும் தன் பங்கைச் செய்தது. தேறியவர்களின் பிளாஸ்மாவைக் கேட்டுச் சமூக ஊடகங்களில் மக்கள் மன்றாடிய நாட்களில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் அதைச் சோதித்தது. நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து ஒரு பக்கம் 19 விழுக்காடு, மறுபக்கம் 18. மன்றாட்டுக்கு அது அவ்வளவு உவப்பான பதில் அல்ல.

கபசுரத்துக்கும் அதே கேள்வி

கபசுரக் குடிநீரை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? தமிழ்நாட்டு அரசே 2020இல் அதை மக்களுக்கு வழங்கியது. சிறிய ஆய்வுகளும் நடந்தன. நோய் முற்றாமல் காக்கிறதா, மரணத்தைத் தடுக்கிறதா என்ற கேள்விக்குச் சில பத்துப் பேரிடம் செய்யும் ஆய்வு பதில் தராது என்பதை மேலே பார்த்த எண்களே சொல்கின்றன. சித்த மருத்துவத்தின் மேல் பற்றுள்ளவர்கள் இதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரிய கம்பெனியின் ரெம்டெசிவிரிடம் கேட்ட கேள்வியை, நோபல் பரிசு பெற்றவர்களின் ஐவர்மெக்டினிடம் கேட்ட கேள்வியை, நம் பாட்டி காய்ச்சிய குடிநீரிடமும் கேட்பது மரியாதைதான். நம்முடைய புழுங்கலரிசி அந்தக் கேள்விக்கு முன்னால் நின்று வென்றிருக்கிறது. நம் முன்னோர் உண்டார்கள் என்பதால் அது வெல்லவில்லை. முற்றத்தின் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்ததால் வென்றது.

அடுத்த கொள்ளைநோய் வரும். அப்போதும் பத்து மருந்துகளின் பெயர் அடிபடும். அவற்றில் எதைத் தொடுவது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள், நோய் ஊருக்குள் வந்தபின் ஆய்வுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அறநெறிக் குழுவின் அனுமதி, மருத்துவமனைகளுக்கிடையே உடன்பாடு, ஒப்புதல் படிவங்கள் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எல்லாம் முன்னரே அணியமாக இருக்க வேண்டும். மிகக் கொடிய அலையின் நடுவில் ஐந்தே மாதத்தில் ஐந்நூறு பேரைச் சேர்க்க முடிந்தது மலேசியாவின் அரசு மருத்துவமனைகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கியதால்தான். தனித்தனியாக நின்ற ஒரு மருத்துவமனைக்கு அது ஆகியிருக்காது.

மருந்து கிடைத்த 241 பேரைப் பற்றி நாம் பேசுகிறோம். கிடைக்காத 249 பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூச்சுத் திணறும் பயத்தோடு வந்து, குலுக்கலில் மருந்து தனக்கு விழாமல் போகலாம் என்று தெரிந்தே கையெழுத்திட்டவர்கள் அவர்கள். 1905இல் கோலாலம்பூர்க் காப்பகத்தில் ஒற்றை எண் சொல்லி நின்றவர்களிடம் அந்தத் தேர்வு இருக்கவில்லை. இவர்களிடம் இருந்தது. ஐவர்மெக்டின் வேண்டாம் என்று இன்று ஒரு மருத்துவர் தயங்காமல் சொல்வது, அந்த மருந்தைப் பெறாமலே நோய் முற்றாமல் தேறிய அந்த 206 பேரைக் காட்டித்தான்.